பதினாலாம் நிமிடம்

முகத்துவாரத்தில் கடல் இரைந்தால்
எங்கள் கோயில் ஒலிபெருக்கியிலும் கொஞ்சம் இரையும்.
இருபத்திரண்டு வருடமாய்
அதைக் குறைப்பதுதான் என் ஊழியம்.
நத்தார் இரவுக்கு மட்டும் ஐயாயிரம் ரூபாய் தருவார்கள்,
ஒரு துண்டு கேக்கோடு.

பத்து மணிக்குச் சிங்களப் பூசை.
அதில் பெனில்டஸ் சுவாமி
யோசேப்புக்கு ஒரு கனவு மட்டும் கொடுத்து
எழுப்பி, எகிப்துக்கு அனுப்பி
ஒன்பது நிமிடத்தில் ஆமென் சொன்னார்.

பன்னிரண்டுக்குத் தமிழ்ப் பூசை.
மாநகரசபைத் தேர்தலுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.
முதல் வாங்கில் குடைச் சின்னத்து ரெக்ஸ்டன் பூபாலராயர்,
பட்டுச் சட்டை, மனைவி, இரண்டு பிள்ளைகள்.
நாலாம் வாங்கில் உளிச் சின்னத்து அக்குயினாஸ் மாஸ்ரர்;
காற்சட்டைப் பையில்
துண்டுப்பிரசுரம் துருத்திக்கொண்டு நின்றது.

பாலனைக் கிடத்திவிட்டுச் சுவாமி தொடங்கினார்:
“பெத்லகேமில் அன்றிரவு மழையில்லை.
தொழுவத்துக்குக் கூரை இருந்தது.
ஆகவே பிரியமானவர்களே,
குடை தேவைப்படவில்லை.”

மூன்று வாங்கு சிரித்தது.
ஒரு வாங்கு இருமியது.

சத்திரத்தைச் சுற்றி, இடையரைச் சுற்றி
மறுபடி வந்தார்:
“யோசேப்பின் கையில் என்ன இருந்தது?
தச்சன் அவர். யோசியுங்கள்.”
யோசிக்க ஒன்றுமில்லை.
ஜம்பட்டா வீதிச் சுவரெல்லாம் அந்த உளிதான்.

என் விரல் குமிழின்மேல் இருந்தது.
ஒரு சின்னத் திருகல்.
கடலைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும்.
சத்தியமாக நினைத்தேன்.

முந்தின சுவாமி ஒரு பாஸ்காவில்
கல்லறைக் கல்லைப் புரட்டியதே
குடைக்காரர் என்பதுபோல் பேசினார்.
அன்றைக்கு என் விரல் அசையவில்லை.
என் மகனுக்கு மாநகரசபையில்
வேலை கிடைத்த மாதம் அது.

அப்போது கரண்ட் போனது.
இருட்டுக்குள் யாரோ “ஏரோதின்ர வேலை” என்றார்.
எந்த ஏரோது என்று ஒருவரும் கேட்கவில்லை,
இரண்டு பக்கமும் “ஓம் ஓம்” என்றது.
நான் பின்பக்கம் ஓடி
ஜெனரேற்றர் கயிற்றை இழுத்தேன்.
மூன்றாம் இழுவையில் பிடித்தது.
அதன் வயிற்றில் மஞ்சள் எழுத்து:
அன்பளிப்பு, ரெக்ஸ்டன் பூபாலராயர்.
கீழே சின்னதாய் ஒரு குடை.
அந்த மின்சாரத்தில்
சுவாமி உளியைத் தொடர்ந்தார்.

சமாதானம் பகிரும்போது
பூபாலராயர் பின்னால் திரும்பினார்.
மாஸ்ரர் கண்ணாடி துடைத்தார்.

பூசை முடிய இருவரும் வந்தார்கள், தனித்தனியாக.
ஒருவருக்கு ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும்,
மற்றவருக்கு முகநூலில் போட வேண்டும்.
“ரெக்கோடிங் இருக்குத்தானே?”
பென்டிரைவ் பழுது என்றேன்.
நத்தாரின் முதல் பொய். மணி ஒன்றே முக்கால்.

வீட்டில் கேக்கைக் கடித்தபடி
காதில் மாட்டிக் கேட்டேன்.
பாடகர் மைக்கை மூட மறந்திருக்கிறேன்.
பதினாலாம் நிமிடம்,
குடைக்கும் உளிக்கும் நடுவில்,
“சத்திரத்தில் இடமில்லை” என்று சுவாமி சொல்லி
மூச்சு வாங்கும் இடத்தில்
ஒரு பெண் பக்கத்திலிருப்பவளிடம்:

“எங்கட சுவரில சிவப்பால நம்பர் அடிச்சிட்டாங்கள்.
முப்பத்தொண்டுக்கு முதல் வெளிக்கிடட்டாம்.
உங்களுக்கு?”
“எங்களுக்கும்.”

பாட்டுப் புத்தகம் புரளும் சத்தம்.
பிறகு சபை சிரிக்கிறது.

இரைச்சலைக் குறைத்துத் திரும்பக் கேட்டேன்.
யார் குரலென்று பிடிபடவில்லை.
பாடகர் குழுவில் பதினொரு பெண்கள்,
பதினொருவரும் ஒரே தோட்டத்து ஆட்கள்.

உள்ளே மகன் குறட்டை விட்டான்.
வாசலில் அவன் சப்பாத்து, ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.
பெயின்ற் காய்ந்திருந்தது.